சீனாவுக்குப் போகும் மேலைநாட்டு மேலாளர் சீனம் படித்துத்தான் ஆக வேண்டுமா?

தைசாங்காரன்:
ஷாங்காய்க்குப் பக்கத்தில் தைசாங் என்று ஓர் ஊர். ஜெர்மன் கம்பெனிகள் நூற்றுக்கணக்கில் அங்கே ஆலை வைத்திருக்கின்றன. அதில் ஒன்றில் தரக்கட்டுப்பாட்டில் நாலு வருஷம் இருந்தேன். எங்கள் மேலாளர் ஜெர்மன்காரர், நல்ல மனிதர். 'நீ ஹாவ்' (வணக்கம்), 'சியே சியே' (நன்றி) தவிர சீனத்தில் ஒரு வார்த்தை தெரியாது.

ஒரு நாள் உதிரிபாகம் தருகிற சப்ளையரிடம் விலையைக் குறைக்கச் சொன்னார். எதிரில் இருந்தவர் முகம் மலர்ந்து, "யென்ஜியு யென்ஜியு" என்றார். "ஆராய்ந்து பார்க்கிறோம் என்கிறார்" என்று மொழிபெயர்த்தார் எங்கள் மொழிபெயர்ப்பாளர் பெண். சொல்லுக்குச் சொல் சரிதான். மேலாளர் நோட்டில் 'இரண்டு வாரத்தில் பதில்' என்று குறித்துக்கொண்டார். ஆறு வாரம் காத்திருந்தோம், பதிலே வரவில்லை. அது 'முடியாது' என்று அந்த மேசையில் இருந்த சீனர்கள் எல்லோருக்கும் அன்றைக்கே தெரியும். அதனால் சொல்கிறேன், அங்கே மூன்று வருஷம் இருக்கப்போகிறவர் மொழி படித்தே ஆக வேண்டும்.

நெய்தல்:
உங்கள் கதையே உங்களுக்கு எதிராக இருக்கிறது நண்பரே. மொழிபெயர்த்தவருக்குச் சீனம் நன்றாகத் தெரியும். அப்படியும் உங்கள் மேலாளர் ஏமாந்தார். அப்புறம் அவரே படித்திருந்தால் மட்டும் என்ன ஆகியிருக்கும்? 'யென்ஜியு' என்றால் ஆராய்ச்சி என்று அகராதி சொல்லும். அவ்வளவுதான்.

அமெரிக்க வெளியுறவுத் துறை தன் அதிகாரிகளுக்கு மாண்டரின், அதாவது பொதுச் சீனம், கற்றுக்கொடுக்க 2200 வகுப்பு மணி நேரம் ஒதுக்குகிறது. ஸ்பானிஷுக்கு ஆவதைப் போல மூன்று மடங்கு. ஆலையை நடத்துகிற ஆளுக்கு இது நடக்கிற காரியமா? 'மாய்' என்ற ஒரே ஒலி, குரல் தாழ்ந்து எழுந்தால் வாங்குவது, சட்டென்று இறங்கினால் விற்பது. அரைகுறையாகப் படித்தவர் இதை வைத்துக்கொண்டு ஒப்பந்தம் பேசுவதை நினைத்துப் பாருங்கள்.

2014 அக்டோபரில் மார்க் ஜூக்கர்பெர்க் பெய்ஜிங்கின் சிங்ஹுவா பல்கலைக்கழகத்தில் அரை மணி நேரம் மாண்டரினிலேயே பேசினார். மாணவர்கள் கைதட்டினார்கள். 2009இல் அங்கே தடை செய்யப்பட்ட ஃபேஸ்புக் இன்றுவரை திறக்கவில்லை.

தைசாங்காரன்:
ஃபேஸ்புக் விஷயம் அரசின் கொள்கை முடிவு. யார் எந்த மொழியில் பேசினாலும் அது மாறியிருக்காது. அதை ஆலை நிர்வாகத்தோடு சேர்க்காதீர்கள். மேலாளர் மேடையில் பேச வேண்டும் என்று நான் சொல்லவில்லை, எதிரில் இருப்பவர் பேச்சு புரிகிற காது வேண்டும் என்கிறேன். துணைத் தலைவரை நேரில் அழைக்கும்போது 'துணை' என்று பொருள்படும் 'ஃபூ'வை விட்டுவிட்டு 'வாங் சோங்' (தலைவர் வாங்) என்றுதான் அழைப்பார்கள். எங்கள் மேலாளர் ஆங்கிலத்தில் 'டெபுடி' என்று அழுத்திச் சொன்னபோதெல்லாம் அந்த மனிதரின் முகம் சுருங்கியதை நான் பார்த்திருக்கிறேன்.

நெய்தல்:
அதை அரை நாளில் சொல்லிக்கொடுத்துவிடலாமே. என் கவலை வேறு: முடிவு எடுப்பது யார்? அமெரிக்க இணையச் சந்தையான ஈபே 2003இல் ஈச்நெட் என்ற சீன ஏலத் தளத்தை முழுதாக வாங்கியது. அதே ஆண்டு அலிபாபாவின் தாவ்பாவ் போட்டித் தளமாக வந்தது. விற்பவரிடம் கட்டணம் இல்லை, வாங்குபவரும் விற்பவரும் நேரடியாக அரட்டையில் பேரம் பேசலாம். சந்தைக்குப் போனால் பேசித்தான் வாங்குவோம் என்கிற பழக்கம் அது. ஈபே கட்டணம் வாங்கியது, சீனத் தளத்தைத் தன் உலகளாவிய அமைப்போடு இணைத்தது, 2006 கடைசியில் தளத்தை மூடியது. சீனம் தெரிந்தவர்கள் அங்கே நிறையவே இருந்தார்கள். அவர்கள் சொல் கலிஃபோர்னியாவில் எடுபடவில்லை.

செஞ்சூரியன்:
இருவருமே 'கலாசாரம்' என்ற சொல்லைச் சந்தேகப்படாமல் பேசுகிறீர்கள். கணக்குத் தணிக்கைக்காரனாக எனக்கு அதில்தான் பயம். 'குவான்ஷி (ஆள் தொடர்பு) முக்கியம், உறவு வளர்க்க வேண்டும்' என்று பயிற்சியில் சொல்லி அனுப்புகிறார்கள். அது எங்கே போய் முடிகிறது? 2014இல் சாங்ஷா நீதிமன்றம் கிளாக்ஸோஸ்மித்க்ளைன் என்ற மருந்து கம்பெனியின் சீன நிறுவனத்துக்கு லஞ்ச வழக்கில் 300 கோடி யுவான் அபராதம் போட்டது. அங்கே தலைமையில் இருந்த பிரிட்டன்காரருக்கு நிறுத்திவைக்கப்பட்ட தண்டனை, அப்புறம் நாடு கடத்தல். பெரிய இடத்துப் பிள்ளைகளுக்கு வேலை கொடுத்த விவகாரத்தில் அமெரிக்க வங்கி ஜேபி மார்கன் 2016இல் 26 கோடி டாலருக்கு மேல் கட்டியது. இதையெல்லாம் 'அந்த ஊர் வழக்கம்' என்று சொன்னது யார்? சீனச் சட்டமும் அதைக் குற்றம் என்றுதான் சொல்கிறது.

மேலாளருக்கு முதலில் கம்பெனி முத்திரையைப் பற்றிச் சொல்லுங்கள். சிவப்பு மையில் பதியும் அந்த வட்ட முத்திரை இருந்தால்தான் காகிதத்துக்கு மதிப்பு. ஆர்ம் சீனா என்ற சிப் நிறுவனத்தின் இயக்குநர் குழு 2020இல் தலைமை நிர்வாகியை நீக்க வாக்களித்தது. முத்திரை அவர் கையில் இருந்தது. அவரை வெளியேற்றுவது 2022 வரை இழுத்தது.

பினாங்குப் பெண்:
நான் மலேசியத் தமிழச்சி, சீனப் பள்ளியில் படித்தவள். குவாங்ஜோவில் பல வருஷம் மொழிபெயர்ப்பாளராக இருந்தேன். தைசாங் அண்ணா சொன்ன அந்தப் பெண்ணின் நாற்காலியில் நானும் உட்கார்ந்திருக்கிறேன். அவர் மேல் யாரும் குறை சொல்லாதீர்கள்.

அந்த இடத்திலேயே 'இவர் மறுக்கிறார்' என்று நான் சொன்னால், மறுத்தவரின் முகம், அதாவது மானம், போய்விடும். அவர் பூடகமாகச் சொன்னதே அதைக் காப்பாற்றத்தான். அதனால் கூட்டம் முடிந்து, காரில் ஏறியதும் சொல்ல வேண்டும். ஆனால் காரில் மேலாளர் முன் இருக்கையில் போனைப் பார்த்துக்கொண்டு வருவார். நான் பின்னால். 'என்ன நினைக்கிறாய்?' என்று என்னைக் கேட்டவர்கள் மிகக் குறைவு. எங்களை ஒலிபெருக்கி மாதிரி வைத்திருந்தார்கள். விருந்தில் கோப்பைக்குக் கோப்பை பைஜியு என்ற சீன மது போகும், இரண்டு பக்கமும் பேச்சை மாற்றிக்கொண்டே இருப்பேன், என் தட்டு ஆறிப்போய்க் கிடக்கும்.

நெய்தல், நீங்கள் சொல்வது பாதி உண்மை. ஆனால் நூறு சொல் தெரிந்த மேலாளரிடம் எனக்கு வேலை சுலபமாக இருந்தது. நான் எந்த இடத்தில் தயங்குகிறேன் என்பது அவருக்குக் கேட்கும். உடனே திரும்பி என்னைப் பார்ப்பார்.

நெய்தல்:
அந்த நூறு சொல்லுக்கு நான் எதிரி இல்லை தங்கச்சி. 2200 மணி நேரத்துக்குத்தான். சரி, ஒன்று கேட்கிறேன். 'யென்ஜியு யென்ஜியு' காதில் விழுந்தால் மேலாளர் என்ன செய்ய வேண்டும்?

பினாங்குப் பெண்:
யார் பார்ப்பார்கள், எந்தத் தேதிக்குள் என்று மெதுவாகக் கேட்கலாம். பெயரும் தேதியும் வந்தால் உண்மையிலேயே பார்க்கிறார்கள். வராவிட்டால் அங்கேயே விட்டுவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட வேண்டும், 'முடியாதா?' என்று கேட்டு அவர் வாயால் 'முடியாது' என்று சொல்ல வைக்கக் கூடாது. எந்த விலைக்கு ஒத்துக்கொள்வார்கள் என்பதை இரண்டு நாள் கழித்து வீசாட் என்ற சீன அரட்டைச் செயலியில் என் மாதிரி ஒருத்தி அவர்களுடைய உதவியாளரிடம் கேட்டால் சொல்லிவிடுவார்கள்.

தைசாங்காரன்:
அந்த ஆறு வாரத்தில் இதை யாருமே செய்யவில்லை. எனக்கும் தோன்றவில்லை. மொழி படிக்க வேண்டும் என்பதில் நான் இன்னும் மாறவில்லை, ஆனால் அந்தப் பெண்ணிடம் காரில் கேட்டிருக்க வேண்டும்.