யாழ்ப்பாணம் – ரொறன்ரோ எத்தனை மணித்தியாலம்? போய் வந்தவர்கள் சொல்லுங்கோ

கோண்டாவில் அக்கா:
ஆகாய வழியில் ஏறத்தாழ 13,700 கிலோமீற்றர். அந்தக் கணக்கை நம்பி ஒருவரும் வெளிக்கிட வேண்டாம். நேரடிப் பறப்பு இல்லை. கொழும்பு விமான நிலையம் இருக்கிற கட்டுநாயக்கவிலிருந்து டுபாய்க்கு நாலரை மணித்தியாலம், அங்கிருந்து ரொறன்ரோவுக்குப் பதினான்கு. இடையில் நிற்கிற நேரம் டிக்கட்டைப் பொறுத்தது.

அம்மாவைத் தம்பியிடம் கூட்டிக்கொண்டு போனபோது விமானத்தில் அவவுக்கு ஒரு குறையுமில்லை, நன்றாக நித்திரை கொண்டா. உடம்பை முறித்தது கட்டுநாயக்க வரையான வான் பயணம்தான். வவுனியா, அனுராதபுரம், புத்தளம் என்று ஏழெட்டு மணித்தியாலம். விடிய 3 மணிப் பறப்புக்கு முதல்நாள் பின்னேரம் 3 மணிக்கே படலையைப் பூட்டிவிட்டோம். வீட்டிலிருந்து வீட்டுக்கு என்றால் ஒன்றரை நாள் என்று வையுங்கோ. வயதானவர்களுக்குச் சக்கர நாற்காலி வேண்டுமென்று டிக்கட் போடும்போதே சொல்லிவிட வேண்டும்.

இணுவில் மருமகன்:
அக்கா சொன்னது சரி. ஆனால் டிக்கட்டைப் பார்த்துவிட்டு என் மாமி வேறு கணக்குப் போட்டா. விடிய 3 மணிக்கு ஏறி அதே நாள் பின்னேரம் 4 மணிக்கு இறங்கலாம், பதின்மூன்று மணித்தியாலம்தானே என்று. இரண்டுமே அந்தந்த ஊர் நேரம். கோடையில் ரொறன்ரோ நமக்கு ஒன்பதரை மணித்தியாலம் பின்னால் நிற்கும், குளிர்காலத்தில் பத்தரை. அப்படியென்றால் கோடைக் கணக்கில் உண்மையில் இருபத்திரண்டரை! மாமி கணக்கு வாத்தியாராக இருந்தவ, அதனால் நான் வாய் திறக்கவில்லை.

லண்டன் போகிறவர்களுக்கு இந்தச் சிக்கல் குறைவு. கொழும்பிலிருந்து நேரடிப் பறப்பு இருக்கிறது, சுமார் 8,700 கிலோமீற்றர், பதினொரு மணித்தியாலமளவில். திரும்பி வரும்போது கொஞ்சம் வேகமாக வரும். உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக அடிக்கிற காற்று பின்னாலிருந்து தள்ளும்.

சுன்னாகம் பெடியன்:
யாழ்ப்பாணத்திலேயே இருக்கிற பலாலியை மறந்துவிட்டீர்களே! 2019 ஒக்டோபரில் சர்வதேச விமான நிலையமாகத் திறந்து, கொரோனாவோடு நின்று, 2022 டிசம்பரில் சென்னைப் பறப்பு மறுபடி தொடங்கியது. சுழலி வைத்த சின்ன ஏடிஆர் விமானம். ஒன்றேகால் மணித்தியாலமளவில் சென்னை. நான் அந்த வழியாகத்தான் லண்டன் போனேன். வான் அலைச்சல் இல்லை, காலைச் சாப்பாடு வீட்டில்.

ஆனால் கவனம். இரண்டும் தனித்தனி டிக்கட் என்றால் சென்னையில் வெளியே வந்து பெட்டியை எடுத்து மறுபடி போட வேண்டும். அதற்கு இந்திய விசா வேண்டும். நிறையும் வேறு வேறு. லண்டன் பறப்புக்கு விட்ட நிறை சின்ன விமானத்துக்கு விடவில்லை. ஒடியல் மாவையும் மிளகாய்த்தூளையும் வழியனுப்ப வந்த சித்தப்பாவிடமே திருப்பிக் கொடுத்தேன். பனங்கட்டியை மட்டும் விடவில்லை, கைப்பைக்குள் போட்டுக்கொண்டேன்.

கரம்பன் ஐயா:
தம்பி, இதொன்றும் புது வழி இல்லை. 1947 டிசம்பரில் இலங்கையின் அந்தக்கால விமான நிறுவனம் எயார் சிலோனின் முதல் பறப்பே கொழும்புப் பக்கம் இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறையில், அதாவது இந்தப் பலாலியில், இறங்கித்தான் மதராஸ் போனது.

கோண்டாவில் அக்கா:
பெடியன், அந்தச் சென்னை விசா எடுக்க எத்தனை நாள் போனது? அம்மா திரும்பி வரும்போது பலாலியில் இறக்கலாம் என்று பார்க்கிறேன்.

சுன்னாகம் பெடியன்:
இ-விசாதான் அக்கா, இணையத்திலேயே போட்டேன், சில நாளில் வந்தது. பலாலிப் பறப்பு எந்தெந்த நாள் என்று முதலில் பாருங்கோ. அது அடிக்கடி மாறும். லண்டன், ரொறன்ரோ டிக்கட்டை அதற்குப் பிறகு போடுங்கோ.