பின்பக்கத்துக்குச் சரியா இருந்தா தோள் தொங்குது: எந்த குர்தி எடுக்கலாம்?

தண்டையார்பேட்டை_பி
உயரம் 5 அடி 1. செஸ்ட் 36, வெய்ஸ்ட் 32, சீட் (பின்பக்கத்தோட அகலமான இடத்துச் சுத்தளவு) 43, ஷோல்டர் 14 இஞ்ச். ரெடிமேட்ல எம் எடுத்தா தோள் கச்சிதம், ஆனா சீட்ல பிடிச்சு மேல சுருண்டு ஏறுது. எக்ஸ்எல் எடுத்தா தோள் கைக்கு இறங்கிடுது. சம்பளம் வந்ததும் வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டுக்குப் போறேன். எந்த கட், என்ன நீளம், என்ன துணி? ஆபீஸுக்கு பஸ்ல போக.

இஞ்ச்டேப்
தோளைப் பார்த்து எடுங்க சிஸ். பக்கத்தையும் நீளத்தையும் தெருமுனை டைலரே குறைச்சுத் தருவார். தோளைக் குறைக்க, கையைப் பிரிச்சு, ஆர்ம்ஹோலை (கை சேர்ற வளைவை) திரும்ப வெட்டி, மறுபடி கை ஏத்தணும். அதுல ஆர்ம்ஹோல் பெருசாகிடும், பழைய கை சேராம சுருக்கம் விழும். சின்னதை வாங்கிப் பிரிச்சு விட்டுக்கலாம்னும் நினைக்காதீங்க, ரெடிமேட்ல உள்ள விட்டிருக்கிற துணி பெரும்பாலும் அரை இஞ்ச் தேறினாலே அதிகம்.

அதனால உங்களுக்கு ஏ-லைன். அக்குள்ல இருந்தே விரியுறதால சீட்ல இடம் கிடைக்கும். ட்ரையல் ரூம் இல்லாத கடைன்னா டேப்பை வெளிய எடுங்க. குர்தியைத் தட்டையா விரிச்சு, அக்குளுக்கு அக்குள் 19½ அல்லது 20 இருக்கான்னு பாருங்க. தோள்ல இருந்து சீட்டோட அகலமான இடம் எத்தனை இஞ்ச்னு வீட்டிலேயே அளந்து வச்சுக்கோங்க. கடையில அதே இறக்கத்துல குறுக்கே 23 வேணும். சுத்தளவு 46 ஆச்சு, 3 இஞ்ச் லூஸ். அது இல்லைன்னா உட்காரும்போது வயித்துக்கு மேல மடிப்பு விழும்.

ராயபுரம்_கட்டிங்
ஏ-லைன் சரி. ஆனா ஸ்ட்ரெயிட் கட்டை ஒரேயடியா ஒதுக்க வேண்டாம், அதுல சைடு ஓப்பன்தான் (பக்கவாட்டுல விடுற திறப்புதான்) விஷயம். ஓப்பன் ஆரம்பிக்கிற இடம் சீட்டோட அகலமான இடத்துக்கு ஒரு இஞ்ச் மேல இருக்கணும். கீழ இருந்தா துணி அங்கேயே மாட்டிக்கும், நீங்க சொல்ற சுருள் அதனாலதான்.

நீளத்துல கவனம். கடையில தொங்குறது முக்கால்வாசி 44, 46. உங்க உயரத்துக்கு அது கெண்டைக்கால்ல போய் முடியும், ஆளைக் குட்டையாக் காட்டும். 37, 38 போதும், முட்டிக்குக் கீழ நிக்கும். சீட்டோட அகலத்துலயே முடியுற ஷார்ட் டாப்ஸ் மட்டும் வேண்டாம், கண்ணு நேரா அங்கதான் போகும். கீழ்ப் பார்டர் உள்ள குர்தியை வாங்கி நீளம் குறைச்சா பார்டர் போயிடும், ப்ளெயினா எடுங்க.

கணுக்கால்ல இறுக்குற லெக்கிங்ஸ் சீட்டை இன்னும் பெருசாக் காட்டும். கீழ்ச்சுத்து 13 இஞ்ச் வர்ற ஸ்ட்ரெயிட் பேன்ட் போடுங்க. ஷோல்டர் 14ங்கிறதால போட் நெக் (தோளுக்குத் தோள் அகலமா வர்ற கழுத்து), லேசா பஃப் வச்ச கை ரெண்டும் மேல்பக்கத்தை அகலமாக்கிச் சமன் பண்ணும்.

தண்டையார்பேட்டை_பி
நன்றி. ஏற்கெனவே இருக்கிற ரெண்டு ஸ்ட்ரெயிட் குர்தி சீட்ல பிடிக்குது. தூக்கிப் போடணுமா?

ராயபுரம்_கட்டிங்
வேண்டாம்மா. ஓப்பனை ரெண்டு இஞ்ச் மேல பிரிச்சு, ஓரம் மடிச்சு அடிக்கச் சொல்லுங்க. ஓப்பன் முடியுற முனையில சின்னதா ஒரு துண்டுத் துணி வச்சு குறுக்குத் தையல் போடணும், இல்லைன்னா முதல் தடவை பஸ் படி ஏறும்போதே கிழியும். இடுப்பு தெரியுமோன்னு இருந்தா உள்ள ஸ்லிப் போட்டுக்கலாம்.

இஞ்ச்டேப்
துணி பத்தி யாரும் சொல்லலையே. மொடமொடன்னு நிக்கிற காட்டன், ஆர்கன்சா சீட்ல குடை மாதிரி விரியும். ரேயான் நல்லா விழும், ஆனா மெல்லிசா இருந்தா நம்ம ஊர் வேர்வையில தொடையோட ஒட்டிக்கும். அதனால கொஞ்சம் கனமான ரேயான், இல்ல பலமுறை துவைச்ச மாதிரி மெத்துன்னு இருக்கிற காட்டன். துணியா எடுத்துத் தைக்கிறதா இருந்தா 44 இஞ்ச் பன்னாவுல (துணியோட அகலம்) 2½ மீட்டர். காட்டனை ராத்திரி முழுக்கத் தண்ணியில ஊறப் போட்டு, காயவச்சு, இஸ்திரி போட்டுத்தான் டைலர்கிட்ட குடுக்கணும். அப்படியே தைச்சா துவைச்சதும் சுருங்கி, நீங்க கணக்குப் போட்டு விட்ட அந்த 3 இஞ்ச் லூஸ்ல பாதி காணாமப் போயிடும்.