மாதம் 1,900 டொலர் வருகிறது, ஓய்வுக்கால விசாவுக்குக் காணாதா?

உவர்மலை வீடு:
வணக்கம். மனைவியும் நானும் கடைசிக் காலத்தைத் திருகோணமலையில் கழிக்க வந்துவிட்டோம். வெளிநாட்டில் இருந்த வீட்டையும் விற்றாயிற்று. மாதம் 1,900 டொலர் வருகிறது. 'மை ட்ரீம் ஹோம்' என்கிற இலங்கை ஓய்வுக்கால விசாவுக்கு அது காணாது என்று நேற்று ஒருவர் சொன்னார். விசிட் விசா அடுத்த மாதம் முடிகிறது. நித்திரை இல்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கோ.

நிலாவெளி அக்கா:
தம்பி, விசா எப்படியும் கிடைக்கும். முதலில் வீட்டுக் கிணற்றைப் பாருங்கள். நாங்கள் சுவிஸிலிருந்து வந்த புதிதில் உப்புத் தண்ணீர், தேத்தண்ணீர்கூடக் கரிக்கும். குடிக்க, தண்ணீர் கொண்டுவரும் பவுசருக்குக் காத்திருந்தோம். மார்கழி மழையில் கூரையும் ஒழுகியது. வாடகை முற்பணத்தை மட்டும் மொத்தமாகக் கொடுத்துவிடாதீர்கள்.

கடற்கரை வீதி:
ஏன் பயம்? 55 வயது தாண்டியிருக்க வேண்டும், வங்கியில் 15,000 அமெரிக்க டொலர் வைப்பு, மாதம் 1,500. உங்களுக்கு 1,900 வருகிறதே.

சாம்பல்தீவு:
அது ஒருவருக்கு. மனைவிக்கு இன்னும் 750, மொத்தம் 2,250. வெளிநாட்டுக் கணக்கில் கிடந்தால் போதாது, மாதாமாதம் இலங்கை வங்கிக்கு வரவேண்டும்.

நிலாவெளி அக்கா:
பிறந்த ஊரில் இருக்க இவ்வளவு காசு காட்ட வேண்டுமா? வயிறு எரிகிறது.

கடற்கரை வீதி:
வெளிநாடு என்று தெரிந்தாலே சந்தையில் மீன் விலையும் ஏறுகிறது, அக்கா.

பட்டணத்தெரு:
மீன் விலையைப் பிறகு பேசுவோம், இவருக்கு நாள் போகிறது. ஐயா, எந்த நாட்டுப் பாஸ்போர்ட்? அது எந்த டொலர்? இருவரும் எங்கே பிறந்தீர்கள்?

உவர்மலை வீடு:
கனடா. கனடா டொலர்தான், ஓல்ட் ஏஜ் என்கிற முதியோர் ஓய்வூதியம், வேலை செய்தபோது கட்டியதற்கு வரும் சிபிபி, வருமானம் குறைந்த முதியோருக்கான ஜிஐஎஸ் உதவித்தொகை எல்லாம் சேர்த்து. இருவரும் பிறந்தது இங்கேதான். எனக்கு 67, மனைவிக்கு 64.

பட்டணத்தெரு:
அப்படியானால் அமெரிக்க டொலரில் உங்களுக்கு 1,500கூட வராது. ஆறு மாதத்துக்கு மேல் கனடாவுக்கு வெளியே இருந்தால் ஜிஐஎஸ்ஸும் நின்றுவிடும். 18 வயதுக்குப் பிறகு அங்கே 20 வருடம் வாழ்ந்திருந்தால்தான் ஓல்ட் ஏஜ் இங்கும் தொடர்ந்து வரும். இந்த விசாவை விடுங்கள். இங்கே பிறந்து 55 தாண்டியவர்கள் இரட்டைக் குடியுரிமை கேட்கலாம். வயதை வைத்து விண்ணப்பித்தால் மாத வருமானம் காட்டத் தேவையில்லை. அது கிடைக்கக் காலம் எடுக்கும். ஆகவே இந்தக் கிழமையே விசிட் விசாவை நீடிக்கப் போடுங்கள். அப்புறம் திருகோணமலை 'பட்டினமும் சூழலும்' பிரதேச செயலகத்தில் பிறப்புச் சான்றிதழ்ப் பிரதிகளை எடுங்கள். பழைய இலங்கைப் பாஸ்போர்ட் இருக்கிறதா?

உவர்மலை வீடு:
என்னுடையது இருக்கிறது. மனைவியுடையதைத் தேட வேண்டும். நாளை காலையே செயலகம் போகிறோம்.