அப்டேட்: பழைய ஃபெராரி 550 மாரனெல்லோ வாங்கியாச்சு

இங்கிலாந்துல விலைக்கு வந்த 1999 மாடல் 550 பாக்கப் போறேன், என்னென்ன கவனிக்கணும்னு கேட்டிருந்தேன்ல, பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி. 'மைல் கணக்க விடுங்க, டைமிங் பெல்ட் மாத்தின பில்லைக் கேளுங்க'ன்னு ஒருத்தர் சொன்னதுதான் காப்பாத்துச்சு (டைமிங் பெல்ட்னா இன்ஜின்ல வால்வும் பிஸ்டனும் மோதாம ஒத்து ஓட வைக்கிற ரப்பர் பட்டை). ஃபுல் சர்வீஸ் ஹிஸ்டரின்னு விளம்பரம், ஆனா கடைசி பெல்ட் பில்லு 2014! வண்டி ஓடாம நின்னாலும் ரப்பருக்கு வயசாகும், அது அறுந்தா வால்வும் பிஸ்டனும் மோதி 5.5 லிட்டர் வி12 இன்ஜினே காலி. அதைக் காட்டிப் பேசினேன், விக்கிறவரு புது பெல்ட் போட்டே குடுத்தாரு.

எதிர்பாக்காதது டயர்தான். பட்டன் புதுசாட்டம் இருந்துச்சு, பக்கவாட்டுல பாத்தா 1211, அதாவது 2011ல 12வது வாரம் செஞ்சது. அதுக்கும் விலைய குறைச்சாச்சு. 6 கியர் மேனுவல், கியர் போடுறப்ப அந்த இரும்பு தட்டுற சத்தம் இருக்கே, அடடா!