ஹாம் ரேடியோவில் (அமெச்சூர் வானொலி) அனைத்துலக விண்வெளி நிலையத்தின் குரல் தெளிவாகக் கேட்கிறது, நான் கூப்பிட்டால் பதில் மட்டும் வரவில்லை. வாட்ஸைக் கூட்டினால் சரியாகுமா?

ஈசூன்_அலை:
வணக்கம். எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்குக்குப் பக்கத்தில் உள்ள பலமாடி கார் நிறுத்துமிடத்தின் மேல்தளத்திலிருந்து முயல்கிறேன். 5 வாட்ஸ் ஹேண்டி (கையடக்க ரேடியோ), கையில் பிடிக்கும் யாகி ஆன்டெனா (ஒரு திசையை நோக்கிப் பிடிப்பது). 145.800 மெகாஹெர்ட்ஸில் விண்வெளி வீரரின் குரல் இரைச்சலே இல்லாமல் வருகிறது. "என்ஏ1எஸ்எஸ்" என்று நிலையத்தின் கால்சைனை (வானொலி அடையாளப் பெயர்) சொல்கிறார், இந்தோனேசிய நிலையங்களுக்குப் பதில் கொடுக்கிறார். நான் என் கால்சைனைச் சொன்னால் ஒன்றுமே இல்லை. போன பாஸில் (நிலையம் நம் வானத்தைக் கடக்கும் நேரம்) ஒரே நிலையத்துக்கு இரண்டு தடவை பதில் சொன்னார். ஒரு தடவை பேசி முடித்தவர் மறுபடியும் கூப்பிட்டிருக்கிறார், மனசு ஆறவில்லை. 50 வாட்ஸ் ரிக் (பெரிய ரேடியோ) வாங்கு என்கிறார்கள் நண்பர்கள். காசு போடுவதற்கு முன் உங்களிடம் கேட்டுவிடலாம் என்று எழுதுகிறேன்.

பழைய_வால்வு:
தம்பி, முதலில் அப்லிங்க், அதாவது மேலே அனுப்பும் அலைவரிசை, எதில் இருக்கிறது? 145.200 என்றால் அது ஐரோப்பாவும் ஆப்பிரிக்காவும் அடங்கிய முதல் வட்டாரத்துக்கு உரியது. நாம் மூன்றாம் வட்டாரம், 144.490.

ஈசூன்_அலை:
144.490தான் அண்ணே. 145.800இல் நான் ஒரு நொடிகூட பட்டனை அழுத்துவதில்லை.

பழைய_வால்வு:
நல்லது. அப்படியானால் கருவியில் பெரிய கோளாறு இருக்காது. நீங்கள் கேட்பது அவர் குரலை மட்டும். அவர் காதில் விழுவது என்ன என்பதை யோசியுங்கள். நிலையம் 400 கிலோமீட்டர் சொச்சம் உயரத்தில் போகிறது, சுற்றிலும் 2,000 கிலோமீட்டருக்கு மேல் அதற்குத் தெரியும். நம் தலைக்கு மேல் வரும்போது ஜாவா, சுமத்ரா, மலேசியா, பேங்காக் எல்லாம் அதன் பார்வைக்குள் இருக்கும். ஜகார்த்தாக்காரர் 144.490இல் கூப்பிடுவது உங்கள் ஹேண்டியில் கேட்காது, அவருக்கும் நீங்கள் பேசுவது தெரியாது. அலைவரிசை காலியாக இருக்கிறது என்று எல்லோரும் நினைத்து ஒரே நொடியில் அழுத்துகிறோம். எஃப்எம்மில் இரண்டு சிக்னல் ஏறக்குறைய ஒரே பலத்தில் மோதினால் இரண்டுமே போய்விடும், மேலே கேட்பது வெறும் விசில்தான்.

ஆகவே நேரத்தைப் பாருங்கள். வடமேற்கிலிருந்து வரும் பாஸில், நிலையம் அந்தமான் பக்கம் இருக்கும்போது ஜகார்த்தாவுக்கு அது இன்னும் எழும்பியிருக்காது. அந்தச் சில நிமிடங்களில் கூப்பிடுங்கள். சென்னைக்காரர்களும் பேங்காக்காரர்களும் அதே வட்டத்துக்குள் இருப்பார்கள் என்பதை மறக்காதீர்கள். தென்மேற்கிலிருந்து வருவது என்றால் பின்பாதி நல்லது. நிலையம் தென்சீனக் கடலுக்கு மேல் போனதும் ஜாவா விலகிவிடும்.

டாப்ளரையும் (நிலையத்தின் வேகத்தால் அலைவரிசை சற்று நகர்வது) கவனியுங்கள். நெருங்கி வரும்போது கேட்பதை 145.8025இலும் அனுப்புவதை 144.4875இலும் வையுங்கள், விலகும்போது அப்படியே தலைகீழாக. ஆன்டெனாவை நிலையத்தை நோக்கிப் பிடித்தபடியே மெதுவாகச் சுழற்றிப் பாருங்கள், குரல் எந்தச் சாய்வில் பலமாக வருகிறதோ அந்தச் சாய்வில் பேசுங்கள்.

தெம்பனிஸ்_73:
நல்ல ஆலோசனை. ஆனால் ஒன்று, எஃப்எம்மில் பலமான சிக்னல்தான் ஜெயிக்கும். அவர் 50 வாட்ஸ் வாங்கினால் என்ன தப்பு? பத்து நிமிட பாஸ், போட்டி என்றால் போட்டிதான்.

ஜூரோங்_செல்வி:
வாங்குவதில் தப்பே இல்லை. பேசி முடித்த பிறகும் அதே 50 வாட்ஸை அழுத்திக்கொண்டிருப்பதுதான் தப்பு. 1983இல் ஓவன் காரியட் கொலம்பியா விண்கலத்திலிருந்து முதல் தடவையாக ஹாம்களோடு பேசிய நாளிலிருந்து இன்றுவரை, மேலே மைக் பிடிப்பவர் தன் ஓய்வு நேரத்தைக் கொடுத்துத்தான் பேசுகிறார். ஒருவருக்குக் கால் நிமிடம் என்றாலும் ஒரு பாஸில் எத்தனை பேர் பேச முடியும்? ஒரே ஆள் இரண்டு இடம் எடுத்தால், முதல் தொடர்புக்காகக் காத்திருக்கும் ஒருவர் வெளியே நிற்கிறார்.

ஈசூன், கால்சைனை ஒரே ஒரு தடவை, எழுத்தெழுத்தாகச் சொல்லிவிட்டுக் கேளுங்கள். அவர் யாருக்காவது பதில் தரத் தொடங்கிவிட்டால் வாயைத் திறக்காதீர்கள். "9வி1" என்று நம் சிங்கப்பூர்க் கால்சைனின் தொடக்கம் மட்டும் காதில் விழுந்து, "ஒன்பது வி, மறுபடி சொல்லுங்கள்" என்று அவர் கேட்டால் அந்த இடம் உங்களுடையது. அங்கே மற்றவர்கள் குறுக்கே விழக்கூடாது. பதில் வந்ததும் சிக்னல் அறிக்கை, சிங்கப்பூர், நன்றி, அவ்வளவு போதும். வானிலையும் ரிக் மாடலும் அங்கே வேண்டாம்.

அந்த இரண்டு தடவைக்காரரை வானலையிலேயே திட்டலாம் என்று நினைக்காதீர்கள். திட்டும் குரலும் அதே அலைவரிசையைத்தான் அடைக்கும். பள்ளிப் பிள்ளைகளின் தொடர்பு நடக்கும்போது மட்டும் எந்தக் காரணத்துக்கும் அழுத்தாதீர்கள். மாதக்கணக்கில் தயாராகி, கேள்வி எழுதிக்கொண்டு வரிசையில் நிற்கும் பிள்ளைகள் அவர்கள். 145.800இல் கேட்டால் போதும், கேட்கவே அவ்வளவு சந்தோஷமாக இருக்கும்.

ஈசூன்_அலை:
புரிந்தது அக்கா. என் சிக்னல் மேலே போய்ச் சேருகிறதா என்பதை எப்படித் தெரிந்துகொள்வது?

பழைய_வால்வு:
நிலையத்தில் ரிப்பீட்டர் (வரும் குரலை வேறு அலைவரிசையில் திருப்பி அனுப்பும் கருவி) ஓடும் நாளில் பாருங்கள். 145.990இல் அனுப்புங்கள், ரிப்பீட்டரைத் திறக்கும் 67 ஹெர்ட்ஸ் டோன் கட்டாயம், கேட்பது 437.800இல். இன்னொரு ஹேண்டியை இயர்போனோடு வைத்தால் உங்கள் குரல் திரும்பி வரும். ஒரு சிக்கல் உண்டு. 145.990இன் மூன்றாம் ஹார்மோனிக் (மும்மடங்கு அலைவரிசை) 437.970, கேட்கும் அலைவரிசைக்கு மிக அருகில். கேட்கும் ஹேண்டி பக்கத்திலேயே இருந்தால் அழுத்தியதும் அது செவிடாகிவிடும், நீங்கள் மேலே போகவில்லை என்று நினைத்துக்கொள்வீர்கள். நண்பர் ஒருவரைத் தளத்தின் மறுகோடியில் நிறுத்துங்கள், இல்லையென்றால் கேட்கும் ஹேண்டிக்கு முன் நல்ல ஃபில்டர் போடுங்கள். குரல் சுத்தமாகத் திரும்பினால் 5 வாட்ஸ் போதும், 50க்குக் காசு போட வேண்டாம். ரிப்பீட்டரிலும் எல்லோரும் ஒரே சானலில்தான் இருப்பார்கள், சோதனை முடிந்ததும் விட்டுவிடுங்கள்.

தெம்பனிஸ்_73:
செல்வி சொன்னது சரிதான், ஒப்புக்கொள்கிறேன். ஈசூன், அடுத்த ரிப்பீட்டர் பாஸுக்கு நான் வருகிறேன், கேட்கும் ஹேண்டியை நான் பிடிக்கிறேன். வீரர்கள் 06:00 யுடிசிக்கு (உலகப் பொது நேரம்) எழுவார்கள், நமக்கு மதியம் 2 மணி. தூங்கப் போவது 21:30, அதாவது நமக்கு விடியற்காலை 5:30. சனி, ஞாயிறு அந்த நேரத்துக்குள் வரும் பாஸ்களைப் பட்டியல் போடலாம். நேரடி அழைப்பு பாஸ் வந்தால் நான் அழுத்தமாட்டேன், எனக்கு ஏற்கெனவே கிடைத்துவிட்டது.

ஈசூன்_அலை:
ரொம்ப நன்றி. பேச முடியாமல் போனாலும், கேட்டதற்கு மட்டும் கியூஎஸ்எல் கார்டு (தொடர்பை உறுதிசெய்யும் அட்டை) கேட்கலாமா?

ஜூரோங்_செல்வி:
தாராளமாக. கேட்டவர்களுக்கும் கார்டு உண்டு. தேதி, யுடிசி நேரம், அலைவரிசை, அவர் சொன்னதில் இரண்டு வரி, எல்லாவற்றையும் அன்றைக்கே லாக் புத்தகத்தில் எழுதிவிடுங்கள்.