மலை ஊர் ஐசியு-வில் ரெஸ்பிரேட்டரி தெரபிஸ்ட் எதுவரை கை வைக்கலாம்?

கோத்தகிரி ஆர்.டி. கேட்டது:

வணக்கம். நான் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் பி.எஸ்சி. ரெஸ்பிரேட்டரி தெரபி (மூச்சு சிகிச்சை, வென்டிலேட்டர் பார்க்கும் வேலை) முடித்தவள், சுருக்கமாக ஆர்.டி. மூன்று வருடப் படிப்பு, ஒரு வருட இன்டர்ன்ஷிப். கோயம்புத்தூரில் கொஞ்ச காலம் வேலை பார்த்துவிட்டு, அம்மாவுக்கு உடம்பு முடியாததால் ஊர்ப் பக்கமே வந்துவிட்டேன். இப்போது நீலகிரியில் ஒரு தனியார் மருத்துவமனை ஐசியு-வில் இருக்கிறேன். பெயர் வேண்டாம்.

பகலில் பிரச்சினை இல்லை. ராத்திரி டியூட்டி டாக்டர் ஒருவர்தான், அவரும் பெரும்பாலும் கீழே கேஷுவால்டியில் இருப்பார். போனில்தான் எல்லாம். "பீப்பை எட்டாக்கு, ஆக்சிஜனை அறுபதுக்கு ஏத்து, அரை மணி கழிச்சு ஏபிஜி எடுத்துப் பார்த்துட்டுச் சொல்லு" என்பார். பீப் என்பது மூச்சை விட்ட பிறகும் நுரையீரலில் வென்டிலேட்டர் நிறுத்தி வைக்கும் அழுத்தம், ஏபிஜி என்பது தமனி ரத்தத்தில் வாயு அளவைப் பார்க்கும் சோதனை. செய்துவிடுவேன். எனக்குத் தெரிந்த வேலைதான். ஆனால் கேஸ் ஷீட்டில் ஆர்டர் இருக்காது. காலையில் ஞாபகம் இருந்தால் கையெழுத்துப் போடுவார்.

போன வாரம் சிஓபிடி (நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்) உள்ள தாத்தா ஒருவருக்கு மூச்சு ரொம்பத் திணறியது. டாக்டர் கீழே ஒரு விபத்து கேஸில் மாட்டிக்கொண்டார். "நீயே டியூப் போட்டுடு" என்று போனில் சொன்னார், அதாவது மூச்சுக்குழாய்க்குள் குழாய் செருகச் சொன்னார். பொம்மையில் போட்டிருக்கிறேன், மயக்க மருத்துவர் பக்கத்தில் நிற்க நோயாளிக்கும் போட்டிருக்கிறேன். தனியாகப் போட்டதில்லை. நல்ல வேளையாக மயக்க மருத்துவர் வந்து சேர்ந்துவிட்டார். வராமல் இருந்திருந்தால்?

மறுநாள் எங்கள் சிஸ்டர் கேட்டார்: "டாக்டருக்கு ரெஜிஸ்டர் நம்பர் இருக்கு, எனக்கு நர்சிங் கவுன்சில் நம்பர் இருக்கு, பார்மசி தம்பிக்கும் இருக்கு. உனக்கு என்ன நம்பர்?" என்னிடம் பதில் இல்லை.

எந்தச் சட்டம் எங்களைப் பற்றிப் பேசுகிறது? எதுவரை செய்யலாம் என்று எழுதி வைத்திருக்கிறார்களா? இன்னொன்று, சித்தி பையன் கலிபோர்னியாவில் இருக்கிறான், "இங்கே வா, உன் படிப்புக்கு நல்ல மதிப்பு" என்கிறான். இந்தப் பட்டத்தை வைத்து அங்கே நேராக லைசென்ஸ் எடுக்க முடியுமா?

ஊட்டி ஸ்டாஃப் நர்ஸ்:

சட்டம் தெரிந்தவர்கள் வந்து சொல்லட்டும். இன்றைக்கு ராத்திரியே செய்யக்கூடியதை நான் சொல்கிறேன். போனில் ஆர்டர் வந்தால் உடனே எழுது: நேரம், டாக்டர் பெயர், அவர் சொன்னது அப்படியே. எழுதியதைப் போனிலேயே திருப்பி வாசித்துக் காட்டு. பக்கத்தில் இருக்கிற சிஸ்டரையும் கேட்கச் சொல்லி இரண்டு பேரும் கையெழுத்துப் போடுங்கள். முன்பு என்ன செட்டிங், இப்போது என்ன செட்டிங், மாற்றிய பிறகு சாச்சுரேஷன் (ரத்தத்தில் ஆக்சிஜன் சதவீதம்) எவ்வளவு என்பதும் அதே வரியில் வர வேண்டும். காலையில் கையெழுத்து வாங்காமல் டியூட்டியை ஒப்படைக்காதே. டாக்டர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். நாளைக்கு ஏதாவது ஆனால் கேஸ் ஷீட் மட்டும்தான் உனக்காகப் பேசும்.

குன்னூர், முன்பு சாக்ரமென்டோ:

தங்கச்சி, நானும் ஆர்.டி.தான். கலிபோர்னியாவில் பல வருடம் வேலை பார்த்துவிட்டு ஊருக்குத் திரும்பியவன். கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், ஏனென்றால் இதை நம் பிள்ளைகளுக்குக் கல்லூரியில் யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை.

முதலில் நம் நாட்டுச் சட்டம். துணைநிலை மற்றும் சுகாதாரத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம் 2021-இல் வந்தது, அந்த வருடம் மே 25 முதல் அமலில் இருக்கிறது. பிசியோதெரபி, டயாலிசிஸ், ரேடியாலஜிக்காரர்களோடு நம் தொழிலும் அதன் அட்டவணையில் இருக்கிறது. மாநிலத்துக்கு ஒரு கவுன்சில், ஒரு பதிவேடு, மேலே ஒரு மத்தியப் பதிவேடு என்பதுதான் ஏற்பாடு. மூன்று முதல் ஆறு வருடத்தில் குறைந்தது 3,600 மணி நேரம் படித்த பட்டம் என்றால் ஒரு வகை, இரண்டு முதல் நான்கு வருடத்தில் குறைந்தது 2,000 மணி நேரம் என்றால் இன்னொரு வகை. பதிவேட்டில் பெயர் இல்லாமல் தொழில் செய்தால் 50,000 ரூபாய் அபராதம் என்றும் இருக்கிறது. ஆறு மாதத்தில் மாநிலக் கவுன்சில்கள் அமைய வேண்டும் என்று சட்டம் சொன்னது. வருடக்கணக்கில் இழுத்தார்கள். 2024 ஆகஸ்ட்டில் உச்ச நீதிமன்றம் தலையிட்டு இரண்டு மாதக் கெடு வைக்க வேண்டி வந்தது. கோவிட் சமயத்தில் வென்டிலேட்டர் பக்கத்தில் ராப்பகலாக நின்ற பிள்ளைகளுக்கு ஒரு பதிவு எண் கொடுக்க இவ்வளவு தாமதம் என்பது எனக்கு இன்னும் ஆறவில்லை.

அதனால் நீ இப்போதே செய்ய வேண்டியது: மதிப்பெண் பட்டியல், இன்டர்ன்ஷிப் சான்றிதழ், லாக்புக், மணி நேரம் குறிப்பிட்ட பாடத்திட்ட நகல் எல்லாவற்றையும் கல்லூரி முத்திரையோடு வாங்கி வைத்துக்கொள். பதிவுக்கும் வேண்டும், நாளைக்கு வளைகுடா போனாலும் வேண்டும். அங்கே டேட்டாஃப்ளோ என்று சான்றிதழை நேராகக் கல்லூரிக்கே அனுப்பிச் சரிபார்ப்பார்கள், அப்புறம்தான் பரீட்சை.

பதிவு எண் வந்தாலும் உன் ராத்திரிப் பிரச்சினை தீராது. "பீப்பை யார் மாற்றலாம்" என்று எந்த நாட்டுச் சட்டமும் படுக்கை படுக்கையாகப் போய்ச் சொல்லாது. கலிபோர்னியாவில் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். அங்கே ரெஸ்பிரேட்டரி கேர் பிராக்டிஸ் ஆக்ட் 1982-இல் வந்தது, அதற்கென்றே தனி போர்டு. மருத்துவ வாயுக்கள், மூச்சுக்குழாய் மருந்துகள், வென்டிலேட்டர், ரத்த மாதிரி எடுப்பது எல்லாம் நம் வேலைக்குள் வரும். ஆனால் மெடிக்கல் டைரக்டர் ஒருவரின் மேற்பார்வை இருக்க வேண்டும். அதோடு ஒன்று டாக்டரின் ஆர்டர் இருக்க வேண்டும், இல்லையென்றால் மருத்துவமனையே எழுதி ஒப்புக்கொண்ட புரோட்டோகால் (எதை, எப்போது, எதுவரை செய்யலாம் என்ற நடைமுறை) இருக்க வேண்டும். அந்தப் புரோட்டோகாலை டாக்டர்கள், நர்ஸுகள், நிர்வாகம், ஆர்.டி. எல்லாரும் சேர்ந்து எழுதுவார்கள்.

நான் இருந்த ஐசியு-வில் வென்டிலேட்டரைக் குறைக்கும் புரோட்டோகால் ஒரே தாள். லேமினேட் செய்து மெஷினிலேயே தொங்கும். இடது பக்கம், நானே மாற்றலாம் என்ற எல்லைகள்: ஆக்சிஜன் சதவீதம் இதிலிருந்து இதுவரை, பீப் இதிலிருந்து இதுவரை. வலது பக்கம், உடனே டாக்டரைக் கூப்பிட வேண்டிய அறிகுறிகள். அடியில் மெடிக்கல் டைரக்டரின் கையெழுத்து, தேதி. ராத்திரி இரண்டு மணிக்கு யாரையும் எழுப்பாமல் நோயாளிக்கு வேண்டியதைச் செய்தேன், பயமில்லாமல் செய்தேன். இந்த ஒரு தாளைத்தான் நீ உன் நிர்வாகத்திடம் கேட்க வேண்டும். கேட்க எந்தச் சட்டத்துக்கும் காத்திருக்க வேண்டியதில்லை.

இரண்டாவது கேள்வி. நேராக முடியாது. அங்கே தேசியப் பரீட்சை நடத்துவது என்.பி.ஆர்.சி. அதை எழுத சி.ஓ.ஏ.ஆர்.சி. என்ற அமைப்பு அங்கீகரித்த படிப்பு வேண்டும். நம் பட்டத்தை மட்டும் வைத்து உட்கார முடியாது. அங்கே ஒரு கல்லூரியில் சேர்ந்தால் படித்த பாடங்களில் சிலவற்றைக் கழித்துக்கொள்ளலாம், எவ்வளவு என்பது கல்லூரியைப் பொறுத்தது. முதல் பரீட்சையில் 160 கேள்வி, மூன்று மணி நேரம். அதில் உயர்ந்த கட்-ஆஃபைத் தாண்டினால்தான் அடுத்ததான கிளினிக்கல் சிமுலேஷன் எழுத விடுவார்கள். இரண்டும் தேறினால் ஆர்.ஆர்.டி. என்ற உயர் தகுதி. கலிபோர்னியா 2015 முதல் புதியவர்களுக்கு அந்த ஆர்.ஆர்.டி.-யைத்தான் கேட்கிறது. அதற்கு மேல் கைரேகை, பின்னணி விசாரணை, இரண்டு வருடத்துக்கு ஒரு முறை புதுப்பிப்பு, அதற்கு 30 மணி நேரத் தொடர்கல்வி.

லைசென்ஸ் கொடுப்பது மாநிலம். நாடு கொடுப்பதில்லை. பக்கத்து மாநிலம் நெவாடாவில் வேலை என்றால் நெவாடா லைசென்ஸ் தனியாக எடுக்க வேண்டும். கூடலூரிலிருந்து கேரளத்துச் சுல்தான் பத்தேரிக்குப் போய் வேலை பார்க்க இன்னொரு அட்டை வாங்குவது மாதிரி. அலாஸ்காவில் மட்டும் மாநில லைசென்ஸ் கிடையாது. சித்தி பையன் பாசத்தில் சொல்கிறான், ஆனால் செலவையும் வருடங்களையும் கணக்குப் போட்டுவிட்டு முடிவெடு.

மயக்க மருத்துவர், கோவை:

உங்கள் மலையிலிருந்து இறங்கும் நோயாளிகளை இங்கே வாங்கிக்கொள்பவன் என்ற முறையில் இரண்டு வார்த்தை.

இன்டியூபேஷன் (டியூப் போடுவது) பற்றி: தனியாகப் போடாதீர்கள், அம்மா. குழாய் உள்ளே போவது மட்டும் விஷயமில்லை. போடுவதற்கு முன் தூக்க மருந்தும் தசை தளர்த்தும் மருந்தும் கொடுக்க வேண்டும், அந்த ஆர்டர் உங்களுடையது அல்ல. குழாய் போகவில்லை என்றால் அடுத்து என்ன என்று முடிவெடுக்க அங்கே ஒருவர் நிற்க வேண்டும். அமெரிக்காவிலும் பயிற்சி கொடுத்து, சோதித்து, மருத்துவமனை எழுத்தில் அனுமதித்தவர்தான் போடுவார். டாக்டர் வரும் வரை பேக்-மாஸ்க்கை இரண்டு கையாலும் சரியாகப் பிடித்து மூச்சுக் கொடுங்கள், இன்னொருவர் பையை அழுத்தட்டும். சிஓபிடி நோயாளி சுயநினைவோடு இருந்தால் பைபேப் (குழாய் போடாமல் முகமூடி வழியாக அழுத்தத்தோடு காற்றுக் கொடுக்கும் மெஷின்) நேரம் வாங்கித் தரும். இவை உங்கள் வேலைதான், இதில் உங்களை விட நன்றாகச் செய்பவர்கள் குறைவு.

இன்னொன்று, புரோட்டோகால் எழுதும்போது ஆம்புலன்ஸையும் சேர்க்கச் சொல்லுங்கள். பி-டைப் ஆக்சிஜன் சிலிண்டரில் சுமார் 1,500 லிட்டர். நிமிடத்துக்கு பத்து லிட்டர் ஓடினால் இரண்டரை மணி நேரம்தான். ஊட்டியிலிருந்து கோவை மூன்று மணி நேரம், பர்லியாறில் லாரி நின்றுவிட்டால் இன்னும் அதிகம். காலி சிலிண்டரோடு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். யார் கூட வருவது, எத்தனை சிலிண்டர், யார் கணக்குப் போட்டுக் கையெழுத்திடுவது என்பதும் அந்தத் தாளில் இருக்கட்டும். அந்தக் கணக்குக்கு நான் ஆர்.டி.-யைத்தான் நம்புவேன்.

கோத்தகிரி ஆர்.டி.:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. ஊட்டி சிஸ்டர் சொன்னபடி நேற்றிலிருந்தே எழுத ஆரம்பித்துவிட்டேன். டாக்டர் ஒன்றும் சொல்லவில்லை, திருப்பி வாசித்ததும் "சரி, கரெக்ட்" என்றார். அந்த ஒரு தாளை எழுதிப் பார்க்கிறேன், எங்கள் மயக்க மருத்துவர் திருத்தித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். அண்ணா, ஒரு சந்தேகம். ஆக்சிஜன் இலக்குக்குப் புத்தகத்தில் உள்ள எண்களையே போடலாமா? நம் ஊர் உயரத்துக்கு மாறுமா?

குன்னூர், முன்பு சாக்ரமென்டோ:

நல்ல கேள்வி. ஊட்டி 2,240 மீட்டர். காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குக்குச் சற்று மேலேதான். நல்ல ஆரோக்கியமான ஆளுக்கே அங்கே சாச்சுரேஷன் 93, 94 காட்டும். அதைப் பார்த்துப் பதறி ஆக்சிஜனை ஏற்றிக்கொண்டே போகக் கூடாது. கார்பன் டை ஆக்சைடு தேங்கும் உன் சிஓபிடி தாத்தாவுக்கு 88-லிருந்து 92 என்ற இலக்கு இங்கேயும் அப்படியே நிற்கும், அதற்கு மேல் ஏற்றினால் கார்பன் டை ஆக்சைடு இன்னும் ஏறிவிடும். ஏஆர்டிஎஸ் (நுரையீரல் திடீரென்று கடுமையாகப் பழுதாகும் நிலை) தீவிரத்தைக் கணக்கிடும்போது 1,000 மீட்டருக்கு மேல் அழுத்தத்துக்குத் திருத்தம் வேண்டும் என்று 2012 பெர்லின் வரையறையே சொல்கிறது, அதை உங்கள் மயக்க மருத்துவரோடு உட்கார்ந்து எழுது. ஏபிஜி மெஷின் காட்டும் அன்றைய காற்றழுத்தத்தையும் ரிப்போர்ட்டில் குறி. கீழே கோவையில் வாங்குகிறவர்களுக்கு அந்த எண் இல்லாமல் உன் ரிப்போர்ட் புரியாது. தாள் தயாரானதும் இங்கே போடு, நோயாளி பெயர், மருத்துவமனை பெயர் இல்லாமல். நானும் பார்க்கிறேன்.