ட்ரிபிள் பட்டியலில் முதலிடம்: 36 ஏன் 14 ஆனது?

கேள்வி:
மேஜர் லீக் பேஸ்பாலில் ஆண்டுவாரியாக அதிக ட்ரிபிள் (ஒரே அடியில் மூன்றாவது பேஸ் வரை ஓடிச் சேர்வது; பேஸ் என்பது ஓடுபவர் வரிசையாகத் தொட வேண்டிய இடம்) அடித்தவர்களைத் தொகுக்கிறேன். 1912-ல் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணியின் சீஃப் வில்சன் 36. 2024-ல் ஜேரன் டுரன், கார்பின் கேரல் இருவரும் தத்தம் லீக்கில் (மேஜர் லீகில் இரண்டு லீக் உண்டு) 14. இன்றைய ஆட்டக்காரர்கள் ஓட்டத்தில் சளைத்தவர்கள் இல்லையே, பிறகு ஏன் இந்தச் சரிவு? இன்னொன்று: அடித்தவர் மூன்றாவது பேஸில் நின்றாலும் சில சமயம் டபுள் (இரண்டாவது பேஸ் வரையான அடி) என்றுதான் பதிவாகிறது. அது எந்தக் கணக்கு?

பதில் 1:
வேகத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் பிடிபடாது. 1,406 பேஸ் திருடிய (பந்து அடிக்கப்படாமலே அடுத்த பேஸுக்கு ஓடிச் சேர்ந்த) ரிக்கி ஹெண்டர்சன் வாழ்நாளில் அடித்த ட்ரிபிள் 66தான். ஒரு சீசனில்கூட முதலிடம் இல்லை. பேட் பிடிப்பது வலதுகைப் பக்கம்.

மூன்று பேஸ் என்றால் 270 அடி. வேகமான ஆளுக்கே ஏறக்குறைய 11 விநாடி ஆகும். அதுவரை பந்து வந்து சேரக்கூடாது. வலது ஃபீல்டின் மூலையிலிருந்தும் வலது-நடு இடைவெளியிலிருந்தும் மூன்றாவது பேஸுக்கு எறிவதுதான் மிக நீளம். பெரும்பாலும் நடுவில் ஒருவர் வாங்கி எறிய வேண்டியிருக்கும். இடதுகைக்காரர் இழுத்து அடித்தால் பந்து அந்தப் பக்கம்தான் போகும். முதல் பேஸுக்கும் ஓரிரு எட்டு அருகில் நிற்கிறார். வில்சன், 309 ட்ரிபிளோடு வாழ்நாள் சாதனை வைத்திருக்கும் சாம் கிராஃபர்ட், 2007-ல் 23 அடித்த கர்ட்டிஸ் கிராண்டர்சன், நீங்கள் சொன்ன டுரன், கேரல்: எல்லாரும் இடதுகைதான். உங்கள் அட்டவணையில் கைக்கு ஒரு பத்தி கட்டாயம் சேருங்கள்.

பதில் 2:
கை சரி, ஆனால் 36-க்கும் 14-க்கும் நடுவே இருப்பது மைதானம். வில்சன் ஆடிய ஃபோர்ப்ஸ் ஃபீல்டில் இடது-நடு வேலி 450 அடிக்கும் அப்பால். இன்று வேலியைத் தாண்டி ஹோம் ரன்னாகும் அடி அன்று ஃபீல்டரின் தலையைத் தாண்டி உருண்டுகொண்டே போனது. வேலியை உள்ளே இழுத்தால் ட்ரிபிளுக்கு இரட்டை அடி: நீளமான பந்து வெளியே போய்விடுகிறது, மற்றது வேலியில் பட்டுச் சீக்கிரம் கைக்கு வந்துவிடுகிறது. கிராண்டர்சனின் டெட்ராய்ட் மைதானத்தில் அப்போது நடுவேலி 420 அடி; 2023-ல் 412 ஆக்கினார்கள். கான்சஸ் சிட்டியும் நெடுங்காலம் பெரிய மைதானமாக இருந்தது. ஜார்ஜ் பிரெட் 1979-ல் 20, வில்லி வில்சன் 1985-ல் 21 அடித்தது அந்த அணிக்காகத்தான்.

அவுட் கணக்கையும் பாருங்கள் (மூன்று அவுட்டானால் அந்த அணியின் முறை முடியும்). ஒரு அவுட் இருக்கும்போதுதான் மூன்றாவதுக்கு ஓடிப் பார்ப்பது லாபம், அடுத்தவர் தூக்கி அடித்துப் பிடிபட்டாலும் மூன்றாவதில் நிற்பவர் ஓடி ரன் எடுக்கலாம். அவுட்டே இல்லாதபோதும் இரண்டு அவுட்டிலும் கோச் கையைத் தூக்கி நிறுத்திவிடுவார். அது சரியான முடிவும்கூட.

பதில் 3:
பதிவு விஷயம். முன்னால் ஓடுபவரை வீழ்த்த ஹோமுக்கு (ரன் எடுக்கத் தொட வேண்டிய கடைசி இடம்) எறியும் நேரத்தில் அடித்தவர் மூன்றாவதுக்கு நகர்ந்தால், அந்த எறிதல் இல்லாமலே அவர் அங்கு சேர்ந்திருப்பாரா என்று ஸ்கோரர் முடிவு செய்வார். இல்லை என்றால் டபுள். அந்த ஓட்டக்காரர் ஹோமில் அவுட்டானால் ட்ரிபிள் கிடையவே கிடையாது. ஃபீல்டரின் பிழையால் மட்டும் தப்பியிருந்தாலும் அப்படியே. சறுக்கி மூன்றாவது பேஸைத் தாண்டிப் போய், திரும்புவதற்குள் ஃபீல்டர் பந்தோடு அவரைத் தொட்டுவிட்டால் அதுவும் டபுள்.

தொகுக்கும்போது கவனிக்க: சீசன் நடுவே லீக் மாறியவருக்கு அந்தந்த லீக்கில் அடித்தது மட்டும்தான் அந்த லீக் முதலிடத்துக்குச் சேரும். மொத்தத்தைப் போட்டால் பட்டியல் தவறும்.